நாசிக் சாலையில் திராட்சை யாருக்காகப் பழுக்கிறது?

மும்பைத் தமிழர்களுக்கு நாசிக் சாலை புதியது அல்ல. சனிக்கிழமை இரவு சயானிலோ முலுண்டிலோ வேன் ஏறினால் ஞாயிறு காலையில் ஷீரடி தரிசனம். திரும்பும் வழியில் பஞ்சவடி, திரியம்பகேஸ்வர். திங்கட்கிழமை வழக்கம்போல் ஆபீஸ். இப்படி ஆண்டுக்கு ஒரு முறையாவது போய் வருகிற குடும்பங்கள் ஏராளம். பெரும்பாலும் இரவில் கடக்கிற சாலை என்பதால் அதன் இரு புறமும் என்ன இருக்கிறது என்று பார்த்தவர்கள் குறைவு.

பகலில் போனால் அது வேறு சாலை. ஷகாப்பூர் தாண்டியதும் சகயாத்திரி மலை எழும்புகிறது. கசாரா கணவாயில் ரெயிலுக்குப் பின்னால் கூடுதல் என்ஜின் வைத்துத் தள்ளுகிறார்கள். 1865-ல் இகத்புரிக்கு ரெயில் வந்த நாள் முதல் இந்த ஏற்றம் மனிதனுக்குச் சவாலாகவே இருந்து வருகிறது. மேலே ஏறிவிட்டால் காற்று மாறும். கோட்டி, வாடிவர்கே கடந்து நாசிக்கை நெருங்கும்போது திராட்சைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பைச் சுற்றிலும் திண்டோரி, நிபாட், பிம்பள்காவ் பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் கொடிகள். வடக்கே சடாணா, மாலேகாவ் பக்கம் போனால் மாதுளை.

இந்த வழிக்குத்தான் இப்போது புது மவுசு வந்திருக்கிறது. மும்பை–நாக்பூர் சம்ருத்தி விரைவுச் சாலையின் கடைசிப் பகுதி, இகத்புரியிலிருந்து ஆமனே வரையிலான 76 கிலோ மீட்டர், 2025 ஜூன் 5-ந் தேதி திறக்கப்பட்டது. அத்துடன் 701 கிலோ மீட்டர் சாலையும் முழுமை பெற்றது. கசாரா மலையைக் குடைந்து ஏறக்குறைய 8 கிலோ மீட்டர் நீளத்துக்கு இரட்டைச் சுரங்கம் போட்டிருக்கிறார்கள். லாரிகள் மூச்சு வாங்கி ஏறிய மலையைக் கார் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறது. "மும்பைக்குப் பக்கத்திலேயே ஒரு பிரான்சு" என்கிற பாணியில் விளம்பரங்கள் வருகின்றன. காலையில் புறப்பட்டு, தோட்டத்தைப் பார்த்து, ஒயின் ருசித்து, இரவு வீடு திரும்பலாம் என்று அழைக்கிறார்கள்.

அழைப்பு யாருக்கு, ஆதாயம் யாருக்கு என்பதுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

சாலையின் விலை

முதலில் சாலையையே எடுத்துக்கொள்வோம். இதில் இரு சக்கர வாகனங்களுக்கும் ஆட்டோக்களுக்கும் அனுமதி கிடையாது. 2025 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட சுங்கக் கட்டணப்படி காருக்குக் கிலோ மீட்டருக்கு 2 ரூபாய்க்குச் சற்று அதிகம். சொந்தக் கார் உள்ளவருக்கு இது பெரிய தொகை அல்ல. வேன் வாடகையைப் பத்துப் பேர் பங்கு போட்டுக்கொள்கிற குமாஸ்தா குடும்பத்துக்கு இதுவும் ஒரு கணக்குதான்.

பணத்தில் அளக்க முடியாத விலையும் இந்தச் சாலைக்கு உண்டு. 2023 ஜூலை 1-ந் தேதி அதிகாலையில் புல்தானா மாவட்டத்தில் ஒரு தனியார் பஸ் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 25 பேர் கருகி இறந்தார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 31 முடிந்து ஆகஸ்டு 1 பிறக்கும் நள்ளிரவையொட்டி, ஷகாப்பூர் அருகே சர்லாம்பே கிராமத்தில் பாலத்துக்கு உத்தரம் ஏற்றும் ராட்சத எந்திரம் சரிந்து விழுந்தது. 20 பேர் பலியானார்கள். பல மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்தில், பாலத்துக்கு அடியில் உயிர் விட்டவர்களின் பெயர் இன்று அந்தச் சாலையில் வழுக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியாது. நாட்டில் எந்தப் பெரிய கட்டுமானத்தை எடுத்தாலும் இதுதான் கதை என்றாலும், பிழைப்புக்காக மாநிலம் கடந்து வந்தவர்கள் இந்த ஒரு செய்தியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று. மும்பைக் குழாய்களில் வரும் தண்ணீரில் பெரும் பகுதி பாட்சா, தான்சா, வைதர்ணா நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. அவை இந்த வழியில்தான் இருக்கின்றன. அதே ஷகாப்பூர் தாலுகாவின் கிராமங்களுக்குக் கோடையில் லாரியில் தண்ணீர் போகிறது. பயண விளம்பரங்களில் ஏரிகள் மட்டும் தெரியும். குடத்துடன் நிற்கிற வரிசை தெரியாது.

ஒயின் வந்த வரலாறு

நாசிக் திராட்சை பழையது. நாசிக் ஒயின் புதியது. உண்ணும் திராட்சை நூறாண்டு காலமாக அங்கே பயிராகிறது. ஒயினுக்கு மராட்டியத்தில் முதலில் பெயர் வாங்கிய இடம் நாசிக் அல்ல, புனே மாவட்டத்து நாராயண்காவ். 1980-களில் அங்கே தொடங்கிய இந்தாஜ் நிறுவனம் நுரை ஒயின் தயாரித்து வெளிநாட்டுக்கும் அனுப்பியது. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த் 1990-களின் பிற்பகுதியில் நாசிக் அருகே ஒயினுக்கான திராட்சை நட்டு, சுலா என்ற ஆலையைத் தொடங்கினார். அதன்பிறகுதான் நாசிக்குக்கு இந்தத் துறையில் பெயர் வந்தது.

உண்மையில் தொழிலை வளர்த்தது ராஜ்ய சர்க்காரின் 2001-ம் ஆண்டுக் கொள்கைதான். மராட்டியத்தில் விளைந்த திராட்சையிலிருந்து தயாராகும் ஒயினுக்குக் கலால் வரி விலக்கு அளிக்கப்பட்டது. நாசிக் மாவட்டத்து விஞ்சூரிலும் சாங்லி மாவட்டத்து பலூசிலும் ஒயின் பூங்காக்கள் அமைக்கப்பட்டன. "இது மது அல்ல, விவசாயப் பண்டத்தின் மறு உருவம்" என்பது அதன் தத்துவம். பழம் மிஞ்சினால் அழுகும், ஒயினாக்கினால் நிற்கும், விவசாயிக்கு விலை கிடைக்கும் என்று சொன்னார்கள்.

காகிதத்தில் நல்ல கணக்கு. ஆனால் நாசிக்கில் விளையும் திராட்சையில் மிகப் பெரும் பகுதி தின்னும் திராட்சை. தாம்சன் விதையிலா ரகமும் அதன் கிளைகளும். அவற்றை ஒயினுக்கு எடுப்பதில்லை. ஒயினுக்கு வேண்டியது கபெர்னே, ஷிராஸ், ஷெனின் பிளாங்க் போன்ற வேறு ரகங்கள். பழம் சிறியது, தோல் தடித்தது, விதை உள்ளது. சந்தையில் கூடைக்காரர் வாங்க மாட்டார். அதை நட்ட விவசாயி ஆலையை மட்டுமே நம்ப வேண்டும். ஆகவே "மிஞ்சிய பழம் ஒயினாகும்" என்ற பேச்சு பொருந்தாது. ஒயின் திராட்சை தனிப் பயிர். அதற்கு வாங்குபவர் ஒருவரே.

வாங்குபவர் கை விரித்தால் என்ன ஆகும் என்பதை 2008-க்குப் பிறகு நாசிக் விவசாயிகள் கண்டார்கள். உலகப் பொருளாதார மந்தம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்தது. ஓட்டல்கள் காலியாயின. ஒயின் விற்பனை சரிந்தது. ஆலைகளின் தொட்டிகளில் பழைய சரக்கே நிற்கும்போது புதுப் பழத்தை யார் வாங்குவார்கள்? முன்னோடியான இந்தாஜே கடனில் மூழ்கிக் கோர்ட்டு வாசலுக்குப் போனது. கொடி காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருந்து, கம்பியும் கல்லும் நட்டு, பாங்கியில் கடன் வாங்கியவர்கள் கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். சிலர் தின்னும் திராட்சைக்குத் திரும்பினார்கள். வேறு பயிருக்குப் போனவர்களும் உண்டு.

தப்பிப் பிழைத்த ஆலைகள் ஒன்றைக் கற்றுக்கொண்டன. புட்டியை மட்டும் விற்றால் போதாது, ஊரையும் காட்சியையும் சேர்த்து விற்க வேண்டும். தோட்டத்தின் நடுவே விடுதி, ருசி பார்க்க மேடை, மாலைச் சூரியனைப் பார்க்கத் திண்ணை, தொட்டியில் காலால் திராட்சை மிதிக்க ஒரு கேளிக்கை. மும்பை, புனே பட்டணவாசி சனி, ஞாயிறில் வந்து குவிகிறார். இன்று இந்த ஆலைகளின் கணக்கில் சுற்றுலா வருமானம் ஒதுக்கத்தக்கது அல்ல. புதிய சாலை வந்ததில் முதலில் மகிழ்ந்தவர்கள் அவர்களாகத்தான் இருக்க முடியும்.

சூப்பர் மார்க்கெட் சர்ச்சை

2022 ஜனவரி 27-ந் தேதி உத்தவ் தாக்கரே மந்திரிசபை ஒரு முடிவு எடுத்தது. ஆயிரம் சதுர அடிக்கு மேற்பட்ட சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு தனி அலமாரியில் ஒயின் விற்கலாம். கோவில், பள்ளிக்கூடங்களுக்கு அருகே கூடாது. மதுவிலக்கு உள்ள மாவட்டங்களில் கூடாது. திராட்சை விவசாயிக்கு நன்மை என்பதே சொல்லப்பட்ட காரணம். எதிர்க்கட்சியான பாரதீய ஜனதா மராட்டியத்தை மது ராஷ்டிரமாக்குவதாகச் சாடியது. அன்னா ஹசாரே பிப்ரவரி 14 முதல் உண்ணாவிரதம் என்று அறிவித்து, பிறகு தள்ளி வைத்தார். பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று சர்க்கார் பின்வாங்கியது. அந்த ஜூனில் ஆட்சியே மாறியது. திட்டம் நடைமுறைக்கு வரவில்லை.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிர்த்துப் பேசியவர்கள் ஆட்சிக்கு வந்த பிறகும் ஒயின் ஆலைகளுக்குச் சலுகை நின்றுவிடவில்லை. விற்பனை வரியில் பெரும் பகுதியை ஆலைகளுக்கே திருப்பித் தரும் திட்டம் 2024 தொடக்கத்தில் மறுபடி உயிர் பெற்றது. மேடையில் மதுவிலக்கு, கோப்பில் சலுகை. தமிழ்நாட்டு அரசியலைக் கவனித்தவர்களுக்கு இது அதிசயமாக இராது. 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது முதல் 2003-ல் சில்லறை விற்பனையையே அரசு எடுத்துக்கொண்டது வரை, கொள்கையும் கஜானாவும் எதிரெதிர்த் திசையில் இழுத்த கதையை நாம் பார்த்தவர்கள்தானே!

ஒயின் ஆலையை நம்பிப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. சுலா 2022 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. பங்கு 357 ரூபாய்க்கு விற்கப்பட்டது. கொஞ்ச காலம் ஏறி, 2025-ல் அந்த விலைக்கும் கீழே இறங்கியது. வெளிநாட்டு ஒயினுக்கான சுங்க வரியும் படிப்படியாகக் குறைகிறது. ஆஸ்திரேலியாவுடன் செய்த ஒப்பந்தம் 2022 டிசம்பர் 29 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி 150 சதவீதமாக இருந்த வரி, விலை உயர்ந்த புட்டிகளுக்குப் பத்தாண்டில் மிகவும் இறங்கிவிடும். கடல் கடந்த சரக்கு மலிவானால் நாசிக் ஆலைகள் முதலில் கை வைப்பது எங்கே? விவசாயிக்குக் கொடுக்கிற பழ விலையில்தான் இருக்கும்.

வானத்தைப் பார்க்கும் கொடி

சுற்றுலாப் பயணி பார்ப்பது ஜனவரி, பிப்ரவரியில் பழுத்துத் தொங்கும் கொத்து. அதற்குப் பின்னால் ஒரு வருட உழைப்பு இருக்கிறது. நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு கவாத்து. ஏப்ரலில் ஒன்று; அது கொடிக்கு. அக்டோபரில் ஒன்று; அது பழத்துக்கு. ஏப்ரல் கவாத்துக்குப் பின் வரும் வாரங்களில்தான் அடுத்த ஆண்டுக்கான பழ மொட்டு குச்சிக்குள் உருவாகிறது. அப்போது நல்ல வெயில் வேண்டும். வானம் மூடிக் கிடந்தால் மொட்டு உருவாகாமல் வெறும் இலையும் சுருளுமாகப் போய்விடும். 2025-ல் மழை மே மாதத்திலேயே வந்தது. மும்பையில் மே 26-ந் தேதியே பருவமழை தொடங்கியது. நகரத்தில் இருந்தவர்கள் தண்டவாளம் மூழ்கியதைப் பேசினார்கள். திண்டோரிக்காரர் அடுத்த ஆண்டுப் பழத்தைப் பற்றிக் கவலைப்பட்டார்.

பூத்த பிறகும் நிம்மதி இல்லை. 2023 நவம்பர் 26-ந் தேதி பெய்த ஆலங்கட்டி மழை நிபாட் பகுதித் தோட்டங்களைச் சிதைத்துவிட்டது. ஒரு மணி நேரம் போதும். அறுவடைக்கு நெருங்கிய தோட்டத்தில் மழை பெய்தால் பழம் வெடிக்கும். வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் தொட மாட்டான்.

ஏற்றுமதிக் கொத்தை வளர்ப்பது குழந்தை வளர்ப்பதற்குச் சமம். கொத்தில் நெருக்கமாக உள்ள பிஞ்சுகளைக் கத்தரியால் ஒவ்வொன்றாக நறுக்கி எடுப்பார்கள். மருந்துக் கரைசலில் கொத்தை முக்குவார்கள். பழம் திரளும்போது நிறம் மாறாதிருக்க ஒவ்வொரு கொத்துக்கும் பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டுவார்கள். (பத்திரிகைத் தாளுக்கு இப்படி ஒரு மறுபிறவி!) இத்தனைக்குப் பிறகும் 2010-ல் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தின் எச்சம் அதிகம் என்று ஐரோப்பாவில் பெட்டிகள் தடுக்கப்பட்டன. 2024 தொடக்கத்தில் செங்கடலில் தாக்குதலுக்கு அஞ்சிக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போயின. பழம் ரோட்டர்டாம் சேரக் கூடுதல் நாட்கள் பிடித்தன. மலிவுப் பழத்தைப் பெருமளவில் வாங்கும் வங்காளதேசம் இறக்குமதி வரியை உயர்த்தும்போதெல்லாம் அடி நாசிக்கில் விழுகிறது.

ஒப்பிட்டால் நமது கம்பம் பள்ளத்தாக்குக்கு ஒரு வசதி உண்டு. அங்கே பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் அறுவடையாகிக்கொண்டே இருக்கும். 2023-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாசிக்கிலோ எல்லாப் பழமும் மூன்று நான்கு மாதங்களில் சந்தைக்கு வந்து முட்டுகிறது. தாதர் மார்க்கெட்டில் மார்ச் மாதம் திராட்சை மலிவாகக் கிடைக்கும்போது வாங்குகிறவர் மகிழ்கிறார். விற்றவர் கணக்கில் அது நஷ்டமாகவும் இருக்கலாம்.

இதே நிலத்து இன்னொரு பயிர் வெங்காயம். லாசல்காவ் சந்தை விலை சாம்பார் சட்டி வரை எட்டும் என்பது இல்லத்தரசிகளுக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி, டிசம்பரில் முழுத் தடை, 2024 மே மாதத்தில் தடை நீக்கம், 2025 ஏப்ரல் 1 முதல் வரியும் ரத்து. பட்டணத்தில் விலை ஏறாமலிருக்கச் செய்த காரியம் என்று மத்திய சர்க்கார் சொன்னது. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. மாதச் சம்பளக்காரருக்கு அது ஆறுதல். ஆனால் அந்த ஆறுதலின் செலவை ஏற்றவர் விவசாயி. 2024 பாராளுமன்றத் தேர்தலில் திண்டோரி, நாசிக் இரு தொகுதிகளிலும் ஆளும் கூட்டணி தோற்றதற்கு வெங்காயமும் ஒரு காரணம் என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டார்கள்.

கீழே இறங்கி வந்தவர்கள்

தோட்டக்காரருக்கே இந்த நிலை என்றால், கொத்தை நறுக்குகிறவர் நிலை என்ன? பேட், சுர்காணா, ஹர்சூல் மலைப் பகுதிகளிலிருந்து ஆதிவாசிக் குடும்பங்கள் கவாத்துக்கும் அறுவடைக்கும் திண்டோரி, நிபாட் பக்கம் இறங்கி வருகின்றன. மழைக்காலத்தில் தங்கள் மலையில் நெல்லும் கேழ்வரகும் பயிரிட்டு, மற்ற மாதங்களில் பிறர் தோட்டத்தில் கூலி. ஏக்கருக்கு இவ்வளவு என்று கும்பலாகப் பேசிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒயின் ருசி மேடையிலிருந்து பார்த்தால் தூரத்தில் கொடிகளுக்கிடையே தெரியும் வண்ணச் சேலைகள் அவர்களுடையவை.

அவர்கள் உழுகிற மலை நிலம் பெரும்பாலும் வனத்துறை நிலம். 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் பட்டா தருவதாகச் சொன்னது. தந்தது கொஞ்சம், நிராகரித்தது நிறைய. அந்தக் கோபம் 2018 மார்ச் 6-ந் தேதி நாசிக்கிலிருந்து நடந்து புறப்பட்டது. கிசான் சபையின் சிவப்புக் கொடியுடன் 180 கிலோ மீட்டர், இதே நாசிக் சாலையில், இதே கசாரா கணவாய் வழியாக. மும்பையை அடைந்தபோது 30 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள். பலர் காலில் செருப்பு இல்லை. கொப்புளம் வெடித்து ரத்தம் கசிந்தது.

சயான் சோமையா மைதானத்தில் தங்கியவர்கள், மறுநாள் காலை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகும் பிள்ளைகளுக்கு இடைஞ்சல் கூடாது என்று, ஓய்வெடுக்காமல் நள்ளிரவிலேயே புறப்பட்டு ஆசாத் மைதானம் நடந்தார்கள். வழியெங்கும் மும்பைவாசிகள் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். முதல்-மந்திரி தேவேந்திர பட்னாவிஸ் கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை ஏற்று எழுத்து மூலம் உறுதி தந்தார்.

ஐந்தாண்டு கழித்து 2023 மார்ச்சில் மறுபடி ஒரு ஊர்வலம் புறப்பட்டது. இம்முறை தொடங்கிய இடம் திண்டோரி. கோரிக்கைப் பட்டியலில் வன நிலப் பட்டா மறுபடியும் இருந்தது. வெங்காயத்துக்கு விலையும் சேர்ந்திருந்தது. ஷகாப்பூருக்குக் கீழே வாசிந்தில் ஊர்வலம் நின்றது. முதல்-மந்திரி ஏக்நாத் ஷிண்டேயுடன் பேச்சு நடந்தது. மார்ச் 18-ந் தேதி, புதிய உறுதிமொழியுடன் அவர்கள் மலைக்குத் திரும்பினார்கள்.